கோழிக்கு ஒரு சாண் இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துபோனால் தம்பியிடம் வாய்விட்டுக் கேள், மென்று விழுங்காதே.

பண்ணையில் இப்போது சக்கரம் வைத்த சின்னக் கோழிக்கூண்டு செய்கிறேன். தினமும் புதுப் புல்லுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். கோழிகள் ஏறித் தூங்க உள்ளே குறுக்குக் கட்டை வேண்டும். கோழிக்கு ஒரு சாண் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேலும் தாராளமாகவே விட்டேன். பாவிகள், எல்லாம் ஒரே மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. பாதிக் கட்டை காலி.

நேற்று பொழுது சாயும்போது கையை உள்ளே விட்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கோழி என் மணிக்கட்டில் ஏறித் தூங்கிவிட்டது. நான் அசையவில்லை. முதலாளி வந்து, "என்னம்மா, கை மாட்டிக்கிச்சா?" என்றார்.

"ஆமாங்க" என்று சொல்லிவைத்தேன். சிரித்துக்கொண்டே கோழியைத் தூக்கிவிட்டார். கை சில்லிட்டுப்போனது.

அப்பா போன பிறகும் நீ கட்டிலில் சுவரோரமாகவே ஒண்டிப் படுக்கிறாயாம். "அப்பா எடத்துல படுக்கவே மாட்டேங்குறாங்க" என்று தம்பி போனில் அலுத்துக்கொண்டான். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வராத நான், நகர்ந்து படு என்று எந்த வாயால் சொல்வது? அந்த இடத்தில் துணிமூட்டை மட்டும் போட்டுவிடாதே.

முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். லீவு கிடைத்ததும் வந்து அங்கே நான் படுத்துக்கொள்கிறேன். தூக்கத்தில் என் மேல் கை போட்டால், விடியும்வரை எடுக்காதே அம்மா.

உன் மகள்