எல்லாக் குமிழையும் இழுத்து

1936 மே 4, திங்கள்
இத்தனை வருஷமும் என்னோடே இருந்த தங்கை டோர்கஸுக்கு ஜூன் ஆறாம் தேதி கல்யாணம். நாற்பத்தெட்டு வயதில்! மாப்பிள்ளை ரொட்டிக்கடை சைலஸ். விட்பி ஊர் முழுக்க இதே பேச்சு.

“ஊரே சிரிக்குதுக்கா. கமுக்கமா முடிச்சுடலாம். ஆர்கன் கீர்கன் எல்லாம் வேணாம்” என்கிறாள்.

யார் யார் கல்யாணத்துக்கோ தேவாலயத்து ஆர்கனை வாசித்திருக்கிறேன். சொந்தத் தங்கைக்குக் கூடாதாமே?

மே 12
சைலஸ் தேநீருக்கு வந்தார். “கேக் மூணு அடுக்கு. எல்லாக் குமிழையும் இழுத்துடப் போறேன், பாருங்க!” என்றார். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் செய்வதற்கு எங்கள் ஊரில் சொல்வதுதான்.

“எந்தக் குமிழை?” என்றேன்.

விழித்தார். “பீர் பீப்பாய்க் குமிழா?”

டோர்கஸ் சிரித்ததில் தேநீர் சிந்தியது.

மே 14
இருவரையும் ஆர்கன் மாடத்துக்கு அழைத்துப் போனேன். கட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழ்களில் ஒன்றை இழுத்து வாசித்தேன், மெல்லிய குழலோசை. உள்ளே தள்ளினேன், அந்த வரிசைக் குழல்களுக்குக் காற்றில்லை, ஊமை. பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் இழுத்தேன். தரை அதிர்ந்தது.

சைலஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். “இதுக்கு மேல பலம் கிடையாதா?”

“கிடையாது. அந்தப் பேச்சே இங்கிருந்துதான் வந்தது.”

“எனக்கு அந்த முதல் குமிழ் ஒண்ணு போதும்கா” என்றாள் டோர்கஸ். சரி, அதுவாவது கிடைத்ததே.

மே 27
மழை. அவள் கவுனுக்குக் கை தைத்தேன்.

ஜூன் 6
சொன்ன சொல் தவறாமல் ஒரே குமிழோடு வாசித்தேன். ஆர்கனுக்கு மேலே மாட்டிய கண்ணாடியில் பார்க்கிறேன், மணமக்கள் பீடத்திலிருந்து திரும்பி நடந்து வருகிறார்கள். கசாப்புக் கடைக்காரர் மனைவி யார் காதிலோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். டோர்கஸ் நின்றுவிட்டாள். ஐயோ, அழப்போகிறாள் என்று நினைத்தேன் – இல்லை. மாடத்தைப் பார்த்து முகத்திரையைத் தூக்கினாள். கையுறைக் கையால் காற்றில் இழுத்தாள். ஒரு தரம், இன்னொரு தரம், வெடுக் வெடுக்கென்று.

இழுத்தேனே! இரண்டு கையாலும், எல்லாவற்றையும்!

கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. டோர்கஸ் தலை நிமிர்ந்து, ராணிபோல் மெதுவாக நடந்தாள். சைலஸ் வெளிப்படையாகவே அழுதார்.

ஜூன் 8
முதல்முறையாக ஒரே ஒரு முட்டை வேகவைத்தேன்.

பின்கதவு திறந்தது. சூடான ரொட்டியோடு டோர்கஸ். “அவரு விடியுமுன்னே அடுப்புக்குப் போயிடறாருக்கா. நான் யாரோட பேசறது?”

இன்னொரு முட்டையைப் போட்டேன்.