புல்லுக்கு வந்த நிவாரணம்

செப்டம்பர் 4

மழை பொய்த்து மேய்ச்சல் கருகியதற்காக ஆடு வைத்திருப்பவர்களுக்கு அரசு நிவாரணம் தரப்போகிறதாம். சாயல்குடி டீக்கடையில் எல்லாரும் ஒரே நாளில் ஆட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். வேல்ராஜ்கூட "நம்ம ஆடுக..." என்று ஆரம்பிக்கிறான். அவன் வீட்டில் இருப்பது ஒரு சேவல்.

எனக்கு நிஜமாகவே ஆடு உண்டு. என்ன, என்னிடம் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் மாரிச்செல்வியிடம் வாரத்துக்கு விட்டிருக்கிறேன். ஆடு என்னது, மேய்ப்பு அவளது, குட்டி ஆளுக்குப் பாதி.

செப்டம்பர் 6

விசாரித்தேன். கணக்கெடுக்கிற அன்று ஆடு யார் பட்டியில் நிற்கிறதோ அவருக்குத்தான் பணம்.

வெயிலில் அலைந்தது அவள்தானே? — அலைந்தாள். முதல் போட்டது யார்?

செப்டம்பர் 15

வண்டி பிடித்துப் போய் ஆடுகளை ஏற்றி வந்துவிட்டேன். மாரிச்செல்வி வழியை மறித்து நின்றாள்.

"பாய், வெள்ளிக்கெழம எங்கூர்ல துள்ளுமாரி நோவுக்கு ஊசி போட வாராக. போட்டுட்டு ஏத்துங்களேன்."

"அன்னைக்குத்தானத்தா கணக்கெடுக்க வாராங்க. ஊசிய பொறவு போட்டுக்கிருவோம்."

"மழைக்கு முன்ன போடணும் பாய்."

"மழையா? அது எங்கன இருக்கு?" என்று வானத்தைக் காட்டினேன். வண்டிக்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தன் பங்குக் குட்டிகளைப் பிரித்து வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டாள். ஓட்டட்டும், அது அவள் சொத்து.

செப்டம்பர் 19

கணக்கெடுத்தாயிற்று. வந்த அதிகாரி பட்டியை எட்டிப் பார்த்து, "பாவம், காஞ்சு கெடக்குதுக" என்று பெருமூச்சு விட்டார். மரியாதைக்கு நானும் ஒன்று விட்டேன்.

அக்டோபர் 2

ஆடுகளைத் திருப்பி அனுப்பவில்லை. மறுபடி சரிபார்க்க வந்தால்? வைக்கோல் வாங்கிப் போடுகிறேன். "நிவாரணம் வாரதுக்குள்ள அது வைக்கோலுக்கே போயிரும்போல" என்கிறாள் ஹாஃபிஸா. இவளைக் கட்டியதிலிருந்து எனக்குத் தனியாகக் கணக்குப்பிள்ளை தேவைப்பட்டதில்லை.

ஊசி ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரம்.

அக்டோபர் 17

மழை!

அக்டோபர் 29

ஊருணிக்கரை முழுக்கப் பச்சை. பட்டியைத் திறந்துவிட்டேன். போங்கடா ராசாக்களா, இனி வைக்கோல் செலவு இல்லை.

அக்டோபர் 31

அல்லாவே. நேற்று மாலைவரை நன்றாகத்தானே நின்றன! காலையில் ஒவ்வொன்றாகத் துள்ளின, விழுந்தன, காலை உதைத்தன — அவ்வளவுதான். பிடித்துத் தூக்கக்கூட நேரமில்லை.

டாக்டர் வந்தார். துள்ளுமாரியாம். காய்ந்து கிடந்த வயிறு இளம்புல்லைக் கண்டதும் வாரித் தின்றிருக்கிறது. "ஊசி போடலையா?" என்றார். நான் இதற்கு நிவாரணம் உண்டா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா, வியாபாரி.

"இப்ப குடுக்குறது புல் இல்லாததுக்கு பாய். இது புல்லத் தின்னு செத்தது."

குழி தோண்ட ஆள் தேடினேன்.

நவம்பர் 3

மிச்சமிருந்த கிடாயும் போயிற்று.

நவம்பர் 12

மேய்ச்சல் அழிந்ததற்கான நிவாரணம் வங்கியில் ஏறிவிட்டதாகச் செல்போனில் செய்தி. காலிப் பட்டியின் வாசலில் நின்று படித்தேன். முழங்கால் உயரத்துக்குப் புல்.

நவம்பர் 16

மாரிச்செல்வி வீட்டுக்குப் போனேன். அவளுடைய குட்டிகள் ஊசி போட்டு, கொழுகொழுவென்று நிற்கின்றன. விலை கேட்டேன்.

"விக்கல பாய்."

ஏற்றிக் கேட்டேன்.

"விக்கலைங்கிறேன்ல? மொளகாக் காட்டுல வேல வந்துருச்சு, மேய்க்கத்தான் ஆளில்ல. ஒங்க பட்டி சும்மாத்தான கெடக்கு? வாரத்துக்கு வேணா விடுறேன். ஆடு என்னது, மேய்ப்பு ஒங்களது."

இத்தனை வருஷமாக நான் அவளிடம் சொன்னதுதான். ஒரு வார்த்தை குறையவில்லை.

"குட்டி பாதிப்பாதியா?" என்றேன்.

"பாதிதான். அந்த நிவாரணத்துலயும் பாதிய எடுத்து வச்சிட்டு ஓட்டுங்க. வெயில்ல அலஞ்சது நான்."

எடுத்து வைத்தேன். பேரம் பேச வாய் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

நவம்பர் 20

ஆடுகள் வந்து இறங்கின. வண்டிக்கூலி என் தலையில். கையில் கம்போடு ஊருணிக்கரைக்கு ஓட்டிப் போனேன். டீக்கடையிலிருந்து வேல்ராஜ் கத்தினான்: "சதக் பாய், யாரு ஆடு?"

"மொதலாளியம்மா ஆடு. கத்தாதலே, மெரண்டுரும்."