நாங்கள் கேட்காத ஜீப்

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஹுதைபாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் சுகம். மழைக்கு வாப்பாவின் முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஊருக்கெல்லாம் மருந்து விற்கிறவர், தான் மட்டும் ஒரு குளிசை போடமாட்டார். கத்தார் வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஸமீம் லீவு முடிந்து நாளை புறப்படுகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் நீ "சரி உம்மா, பாப்பம்" என்பாய். நானும் அதோடு நிறுத்திவிடுவேன். வட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலைத்தளத்தில் நின்றபடியே பார்த்துவிட்டு மறந்துவிடுவாய். இதை நீ அறைக்குப் போய், உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

முதலில் நீ கேட்ட விவரம். ஞாயிற்றுக்கிழமை நானும் உன் வருங்கால மாமனார் ஹபீல் ஹாஜியாரும் பல்லேகலப் பக்கம் போய் ஜீப் பார்த்தோம். நீ படம் அனுப்பியிருந்த சிறியதின் விலை நூற்றைம்பத்தைந்து இலட்சம். இத்தனை வருடம் இறக்குமதி நின்றிருந்து பிறகு திறந்ததால் வரியும் அதிகம், காத்திருக்கிறவர்களும் அதிகம். இன்றைக்கு முற்பணம் கட்டினால் வந்து சேர ஏழெட்டு மாதமாவது ஆகும். அதற்கும் உத்தரவாதமில்லை. அதைவிடப் பெரியது இருநூற்று முப்பது இலட்சம். அதில் இரண்டு இப்போதே யார்டில் நிற்கின்றன, ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். விலை கூடியதால் எடுக்க ஆளில்லை, ஆளில்லாததால் நினைத்த நேரம் கிடைக்கும்.

நீ கேட்டது அவ்வளவுதான். இனி எழுதப்போவது நீ கேட்காதது.

அந்த ஜீப்பை நாங்கள் கேட்கவில்லை. இதை நானும் வாப்பாவும் உறவுக்காரர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம். அலவத்துகொடைக்குப் பெண் பேசப் போன அன்று வாப்பா, எங்களுக்கு ஒண்டும் வேணாம், பிள்ளையத் தந்தாப் போதும் என்றார். ஹாஜியார் தலையை ஆட்டிவிட்டு, "மாப்பிள்ள ஊருக்கு வந்து மலையில தானே வேல செய்யப் போறார், கல்லு ரோட்டுல போய் வர ஒரு ஜீப்பு வேணும் தானே" என்றார். நாங்கள் தேநீரைக் குடித்தோம். வாப்பா என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. அன்று முதல் அது ஹாஜியார் விரும்பிக் கொடுக்கிற ஜீப் ஆனது. கைக்கூலி, சீதனம் என்ற சொல்லை இந்த வீட்டில் எவரும் வாயில் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கூடப் போனது அதை நிறுத்தத்தான். நேராக வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும், விலையையும் தாமதத்தையும் காரணம் காட்டி மெல்லத் தட்டிக்கழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் கெட்டித்தனத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஹாஜியார் தன் பழைய வேனில்தான் என்னை ஏற்றிப்போனார். கடைக்குச் சீமெந்து இழுக்கிற வேன் அது. சாரதிப் பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது, கண்ணாடிக்குள் கையை விட்டுத்தான் திறக்கிறார். வாசலில் நின்ற விற்பனையாளர் நிரோஷன் அதைப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், இத மியூசியத்துக்கு குடுத்தீங்கன்னா ஜீப்பு வெலையில பாதி கெடைக்கும்" என்றார். ஹாஜியார் விடவில்லை. "ஒங்கட ஜீப்பு மலையேற முந்தி இது ஏறி எறங்கிடும் தம்பி. உசிரு இன்னும் ஈக்கி" என்றார். மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

உள்ளே போனதும் நான் என் வேலையைத் தொடங்கினேன். விலை மிக அதிகம், அடுத்த வருடம் வரி குறையலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றேன். ஹாஜியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வெலயப் பத்தி டீச்சர் யோசிக்க வேணாம்" என்றார். மகளுக்குப் படிப்பித்ததால் அவருக்கும் நான் டீச்சர்தான். நீ போகப்போகிற நீர்மின் திட்டத்திலே இஞ்சினியர்மாருக்கு வாகனம் கொடுக்கிறார்கள் என்றேன். "கம்பனி வாகனம் கம்பனிக்குத் தானே, அதுல மாமி வீட்டுக்கு வர ஏலுமா" என்றார். சிறிய ஜீப் கலியாணத்துக்கு முன் வராது என்று நிரோஷன் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்படியென்றால் விட்டுவிடுவோம், ஆகஸ்டுக்குள் கிடைக்காத ஒன்றுக்காக ஏன் அலைய வேண்டும் என்றேன். ஹாஜியார் யார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நிரோஷனிடம், யார்டில் நிற்கிற பெரியதைக் காட்டச் சொன்னார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் என்ன செய்தேன் தெரியுமா? "ஏறி உக்காந்து பாருங்க மேடம்" என்று நிரோஷன் கதவைத் திறந்தார், நான் ஏறி உட்கார்ந்தேன். உயரமான இருக்கை. முன்கண்ணாடிக்குள் ஹந்தானை மலை முழுதாகத் தெரிந்தது. அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம், நாலு சில்லும் இழுக்கும்போது எண்ணெய் எவ்வளவு குடிக்கும், உதிரிப்பாகம் கண்டியில் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "மேடம் கேக்கிற கேள்விய எங்க மேனேஜர் கூட கேட்டதில்ல" என்று நிரோஷன் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது மகன். மறைக்காமல் எழுதுகிறேன். இறங்கி வந்தபோது, இரண்டில் எது புழுதி காட்டாது என்று ஹாஜியார் கேட்டார். சாம்பல் என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அவர் வேனை என் வாசலில் நிறுத்திவிட்டு, "டீச்சர் வந்தது நல்லதாப் போச்சு, இல்லாட்டி நான் சின்னதப் பேசி வெச்சி வெக்கப்பட்டிருப்பேன்" என்றார். எனக்கு அது சரியாக விளங்கவில்லை. விளங்கவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

நேற்றுப் பின்னேரம் சம்பந்தி அஸீமா போன் எடுத்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். பெரியதற்கு முற்பணம் கட்டியாயிற்று, சாம்பல் நிறம், நிக்காஹுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே எங்கள் கேற்றடியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்றார். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார், "டீச்சர் வெல கூட, நாள் போகும், வேணாம் வேணாமெண்டு சொல்லச் சொல்லவே இவருக்கு வெளங்கிட்டு. படிச்ச ஆக்கள் வாய் தொறந்து கேக்க மாட்டாங்க தானே."

நான் சொன்ன ஒவ்வொரு மறுப்பும் பெரிய ஜீப்புக்கு ஏறுகிற ஒரு படி ஆனது, மகன். விலை அதிகம் என்றேன், தன் கையிருப்பைச் சந்தேகிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். கம்பனி வாகனம் இருக்கிறது என்றேன், அதைவிட நல்லதாகக் கொடு என்று காதில் வாங்கிக்கொண்டார். ஆகஸ்டுக்குள் வராதென்றால் வேண்டாம் என்றேன், ஆகஸ்டுக்குள் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் மாப்பிள்ளையின் உம்மா பேசுகிற எதையும் பெண்ணைப் பெற்றவர்கள் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். வாயால் கேட்காததைக் காதால் கேட்க நாங்கள்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். எத்தனையோ கலியாணப் பேச்சில் நானும் ஒரு கதிரையில் இருந்து பார்த்தவள். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை, அஸீமாவாகவே சொன்னார். போன நவம்பர் மழையில் அவர்களுடைய காணியின் கீழ்ப்பக்கம் சரிந்து போனது உனக்குத் தெரியும். கராம்பு மரங்கள் நிற்கிற மேல்பக்கம்தான் மிச்சம். அதை விலைக்குக் கொடுக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை ஒப்பந்தம். இளைய மகள் ஷஹ்மாவுக்கு என்று வைத்திருந்த துண்டு அது. "அவளுக்கு இன்னும் வயசு ஈக்கி, அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்" என்றார்.

அதற்கு நான் சொன்ன பதில் "அல்ஹம்துலில்லாஹ்." இறைவனைப் புகழ்கிற சொல்லை அப்படி ஓர் இடத்தில் வைத்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

போனை வைத்த கையோடு திரும்ப எடுத்து, ஜீப் வேண்டாம் என்று பச்சையாகச் சொல்லிவிடப் போனேன். வாப்பாதான் தடுத்தார். "இப்ப நீ வேணாமெண்டா அவங்க என்ன நெனப்பாங்க? கலியாணமே வேணாமெண்டு நெனப்பாங்க. இல்லாட்டி இதுவும் பத்தல்லயெண்டு நெனச்சி வீட்டயும் சேத்து எழுதிடுவார் அந்த மனுசன்" என்றார். கேட்காமல் கிடைக்கிறதை மறுக்கக் கூடாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவர், நேற்று அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்னது சரி. என் வாயிலிருந்து இனி எது வந்தாலும் அது கேட்பதாகத்தான் அங்கே போய்ச் சேரும்.

நீ கட்டப்போகிற ஸுமைராவைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவள் என் வகுப்பில் உயர்தரம் படித்தவள் என்று தெரியும். ஒருமுறை பாடசாலைக் கூட்டத்தில் கைக்கூலி கூடாது என்று நான் அரை மணித்தியாலம் பேசினேன். முடிந்ததும் அவள் எழுந்து, "டீச்சர், மாப்பிள்ள வீட்டாக்கள் கேக்கல்ல, வாப்பா தானா குடுக்கிறார் எண்டா அது கைக்கூலியா?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. அந்த வாப்பாவிடம் போய், நீங்கள் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பார் என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் கை தட்டவில்லை. நான் சொன்னதை யோசித்துக்கொண்டு இருந்தாள். சனிக்கிழமை காணி போவது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. நேற்றிலிருந்து அவள் எனக்கு ஒரு ஸலாம் கூட அனுப்பவில்லை.

மகன், உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ விலையும் நாளும் விசாரிக்கச் சொன்னாய், பிறகு என்ன நிறம் நல்லது என்றும் கேட்டாய். ஒன்றும் வேண்டாம் என்று நீயும் ஒரு நாள் சொன்னதில்லை. நான் கேட்டுப் பார்த்ததுமில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்ற பயம் எனக்கு இருந்தது. உன்னைப் பெற்று வளர்த்துப் படிப்பித்த எனக்கு அந்தப் பயம் வந்ததே என்னுடைய தோல்வி.

இதை நீதான் முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியாருக்கு நீயே போன் எடு. விலையைப் பற்றிப் பேசாதே. நாளைப் பற்றிப் பேசாதே. கம்பனி வாகனத்தைப் பற்றியும் பேசாதே. காரணம் எதைச் சொன்னாலும் அதற்கு அவர் ஒரு தீர்வு வைத்திருப்பார். முதலில் கலியாண நாள் மாறாது என்று சொல். அது அவர் காதில் நன்றாக விழட்டும். அதற்குப் பிறகு, ஜீப் வந்தால் நான் அதில் ஏறமாட்டேன், காணியைக் கொடுக்க வேண்டாம் மாமா என்று சொல். இந்த வரிசையை மாற்றாதே. மாற்றினால் அந்த மனிதர் பயந்துபோவார். முற்பணத்தை ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுக்கலாம் என்று நிரோஷன் சொன்னதை நான் கேட்டேன். அவர் உன்னைத் திட்டினாலும் பேசாமல் கேள். பெரிய மனிதர் ஒருவர் அந்தப் போனில் அழவும் கூடும். அதையும் பேசாமல் கேள்.

நான் எழுதியதாகச் சொல்லாதே. சொன்னால் இதுவும் டீச்சரின் இன்னொரு பேரம் ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் வீட்டில்தான் இருப்பேன். உனக்குப் போன் எடுக்கமாட்டேன். நீ என்ன செய்தாய் என்று எனக்குச் சொல்லவும் வேண்டாம். சனிக்கிழமை அஸீமாவின் குரலில் எனக்குத் தெரிந்துவிடும்.

உனக்கு எதைக் கேட்டு துஆ செய்வது என்று இன்று சுபஹ் தொழுகையிலிருந்து யோசிக்கிறேன். நல்ல உத்தியோகம், ஸாலிஹான, நற்குணமுள்ள பிள்ளைகள், நீண்ட ஆயுள் எல்லாம் வழமையாகக் கேட்பவைதான். இன்று ஒன்றே ஒன்றைக் கேட்டேன். யா அல்லாஹ், என் மகனுடைய கையைக் கொடுக்கிற கையாக ஆக்கிவை. அதற்கு என் கையும் தடையாகிவிடாமல் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்கு அல்ல, உன் செயலுக்குக் காத்திருக்கும்,

உம்மா
கைரியா