முழு மார்க் வாங்கிய மகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரைக்கு டிமிக்கி கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. யூனிவர்சிட்டியில் 'மாறும் காலத்தின் தலைவர்கள்' என்று ஒரு பாடம் உண்டு. அதில் நாலு பேர் குழுவுக்கு நான்தான் தலைவி. கடைசி வாரம் பேராசிரியர் கூப்பிட்டு, "வேலை செய்யாதவங்க யாரு? தலைவிதான் சொல்லணும்" என்றார்.

குழுவில் இருந்த என் அறைத்தோழி மூன்று வாரமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் அவள் பெயரை மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை.

"இதுதாம்மா தலைமை!" என்று எனக்கு முழு மார்க் போட்டார். அவள் ஃபெயில். உதவித்தொகையும் நின்றுவிட்டது. மறுநாள் அவரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "மார்க் லிஸ்ட் மேல ஆபீசுக்குப் போயிடுச்சேம்மா" என்றார்.

அவள் பெட்டி கட்டும்போது கோபப்படவே இல்லை, அப்பா. நான் பேராசிரியரிடம் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியாது. "சத்தியத்தைக் காப்பாத்திட்டடி" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் பழைய ரேடியோவைக் கொடுத்தனுப்புங்கள். அறையில் பேச்சுச் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே போன் பண்ணுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அம்மாவிடம் மார்க்கை மட்டும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

உங்கள் மகள்