மாற்றிச் சுமந்த மூட்டைகள்

கல்கத்தா அகதி முகாம்
12-5-1942

அய்யாவுக்கும் ஆத்தாளுக்கும் நல்லகண்ணு கும்பிட்டு எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். ஆத்தாளுக்கு முழங்கால் வலி தேவலையா?

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தோம். பயப்பட ஒன்றுமில்லை, கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. கூட வந்த சீனத் தையல்காரர் என் செருப்பைத் தைத்துக் கொடுத்தார். கடமலைக்குண்டு கருத்தக்கண்ணன் வழித்துணையாகக் கிடைத்தார். காட்டில் ஒருவரை ஒருவர் விட்டுப் போய்விடக் கூடாதென்று, அவர் மூட்டையை நானும் என் மூட்டையை அவரும் சுமந்தோம். பெரியகுளத்து மாம்பழம் சந்தைக்கு வந்திருக்குமா என்று தினமும் கேட்பார்.

மலை ஏற்றத்தில் காய்ச்சலோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க முன்னாடி போங்கண்ணே, நான் பைய வாரேன்" என்றார். நான் வந்துவிட்டேன்.

ஒன்பது நாளாக முகாம் வாசலில் நிற்கிறேன். இங்கே மாம்பழம் கொடுக்கிறார்கள். ருசி தெரியவில்லை.

எனக்கு ஒரு வேட்டியும் சட்டையும் அனுப்புங்கள். உடுத்தியிருப்பது அவருடையது. அவர் வீட்டில் எதுவும் சொல்ல வேண்டாம். அவரிடமிருந்து கடிதம் வந்ததா என்று மட்டும் கேளுங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். என் மூட்டையில் நம் விலாசம் இருக்கிறது. அந்த மூட்டையோடு யாராவது வந்தால் முதலில் சோறு போடுங்கள். பிறகு எனக்குத் தந்தி கொடுங்கள்.

நல்லகண்ணு