மூன்று வருடம் சார்ஜ் ஏறிய வண்டி

அன்பு மகள் வாலுவுக்குச் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் சௌக்கியம் என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள் சித்தி, எழுதியாகிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பு நோவில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கவேண்டும். அங்கேயே சொந்தமாக வீடு வாங்கிவிட்டோம் என்று நீ எழுதிய கடிதம் வந்தது. மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நீ இரண்டு அறை என்று எழுதியிருந்தாய், நான் நாலு என்றேன், கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போய்ச் சேர்வதற்குள் அது ஆறாகிவிட்டது, நீச்சல் குளம் உண்டா என்று அவர் கேட்டார், கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். யாராவது போனில் விசாரித்தால் காட்டிக்கொடுத்துவிடாதே. சித்திதான் கடிதத்தை இரண்டு தடவை படித்து மடித்து வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, இனிமே அந்த வண்டிய யாருக்காக வச்சிருக்கோம் என்று கேட்டாள்.

உன் பேட்டரி பைக்கைத்தான் சொல்கிறேன். நீ புறப்படும்போது வித்துடுங்க சித்தப்பா என்றாய், ஒரு வருடத்தில் திரும்பி வரப்போகிறவளின் வண்டியை எவனாவது விற்பானா என்று நான்தான் சண்டை போட்டேன். சரி, விக்கலேன்னா சார்ஜ் இறங்க விட்டுடாதீங்க, பேட்டரி செத்துடும் என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினாய். அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. மூன்று வருடமாகக் காலையில் பால் வாங்கி வந்ததும் எனக்கு முதல் வேலை, படிக்கட்டுக்கு அடியில் போய் வயரைப் பிடுங்கி, வண்டியைத் துணியால் துடைத்து, மறுபடி சொருகிவிட்டு வருவது. காய்ச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்ச் செய்திருக்கிறேன். எட்டாவது தாண்டாதவன்தான், ஆனால் லிப்ட் ஆபரேட்டராக முப்பத்தொரு வருடம் எத்தனையோ மேனேஜர்களைத் தூக்கிவிட்டவன், எனக்கு மின்சாரம் தெரியாதா என்று சித்தியிடம் மார்தட்டிக்கொள்வேன்.

விற்பது என்று முடிவானதும் தையல்காரர் தன் போனில் விளம்பரம் போட்டுக்கொடுத்தார். வாசகம் என்னுடையது. ராணி மாதிரி ஒரு பெண் ஓட்டிய வண்டி, காற்று பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு ஓடிவரும் என்று சொல்லச் சொல்ல, அவர் கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டார். ஊரே திரண்டு வந்தது என்று எழுதத்தான் ஆசை, வந்தது மூன்று பேர். ஒருவர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு, இதுக்கு நான் நடந்தே போயிடுவேன் என்றார். மூன்றாவதாக ஒரு நர்ஸ் பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், வேலைக்குப் போகிற அவசரத்தில் தோளில் பையோடு வந்திருந்தாள். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்கவா அங்கிள் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது தெருமுனையில் ஆரனை அடித்தாள். யாரோ குறுக்கே வந்திருப்பார்கள், அவ்வளவுதான். நான் வாசலில் நிற்கிறேன், மேலே நம் வீட்டுச் சமையலறையில் குழாய் நின்றது, பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, சித்தி ஈரக் கையோடு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நீ வேலை முடிந்து வந்து தெருமுனையில் ஆரன் அடித்ததும் வருவாளே, அதே மாதிரி. கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் போன பிறகு நான் மேலே போனபோது அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் மூன்று டம்ளர் எடுத்து வைத்திருந்தது. மூன்றாவது உன்னுடையது, அதை நான் தெரியாத மாதிரி அலமாரியில் எடுத்து வைத்தேன்.

நர்ஸ் பெண்ணுக்கு வண்டி பிடித்துப்போய்விட்டது. எனக்குத்தான் திடீரென்று என்ன ஆனதோ, சொல்லியிருந்த விலைக்கு இரண்டு மடங்கு கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. என்ன அங்கிள், புது வண்டியே இதவிடக் கம்மியா வருமே, விக்க மனசில்லேன்னா சொல்லிடுங்க, வேலைக்கு லேட் பண்ணிக்கிட்டு வந்திருக்க மாட்டேன்ல என்று சொல்லிவிட்டு நடந்து போனாள். நல்ல பிள்ளை. அவளை அப்படி அனுப்பியது எனக்கே இன்னும் உறுத்துகிறது. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி நம் தெருவுக்குப் பின்னால்தான், அவளிடம் கொடுத்தால் அந்த ஆரன் தினமும் இரண்டு வேளை இந்தத் தெருவில் கேட்கும். சித்திக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். சித்திக்கு என்று எழுதுகிறேன், நீ படிக்கும்போது எனக்கும் என்று சேர்த்துப் படித்துக்கொள்.

அதனால் ஊருக்கு அந்தக் கோடியில் பழைய பேட்டரி வண்டி வாங்கி விற்கும் கடைக்கே தள்ளிக்கொண்டு போனேன். வழியில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள் என்று வைத்துக்கொள். கடைக்காரரிடம், மூணு வருஷமா ஒரு நாள் விடாம ராஜா மாதிரி ஓட்டியிருக்கேன் என்றேன். அவர் லேப்டாப்பிலிருந்து ஒரு வயரை எடுத்து வண்டியில் சொருகினார். இவ்வளவு நாள் வயரைச் சொருகியவன் நான், இந்த வயர் இப்படி வாய் திறக்கும் என்று நினைக்கவில்லை. மூன்று வருடத்தில் சார்ஜ் போட்டது ஆயிரத்துச் சொச்சம் தடவை, ஓடியது பதினோரு கிலோமீட்டர் என்று திரையில் வந்தது. பெரியவரே, இது ஓடிக் கெட்ட வண்டி இல்ல, நின்னு கெட்ட வண்டி என்றார் அவர். முழுசா ஏறின பேட்டரிய வயரோடயே வச்சிருந்தா அது உள்ளுக்குள்ளயே செத்துக்கிட்டு வரும், பாதி ஏத்தி அப்பப்ப பாத்திருந்தா போதுமே, யாரு உங்கள தினம் போடச் சொன்னது என்று கேட்டார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. நீ இறங்க விடாதே என்றுதான் சொன்னாய், தினமும் போடச் சொல்லவில்லை, எனக்குத்தான் ஒரு நாள் விட்டாலும் மனசு கேட்காது. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கொன்றிருக்கிறேன் மகளே.

வண்டியில் ஆற்றங்கரை வரை போய்வந்தேன், சித்தியைப் பின்னால் உட்காரவைத்து ஊரைச் சுற்றினேன் என்று முன்பு நான் எழுதியதெல்லாம் பொய் என்பது இப்போது உனக்கும் தெரிந்துபோயிற்று. நீ போன மறுவாரம் ஒரே ஒரு நாள் எடுத்தேன், திரும்பி வரும்போது தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி என்னைப் பார்த்துப் பயந்து நின்றது, நான் அதைப் பார்த்துப் பயந்து விழுந்தேன். முழங்காலில் ஆறு தையல். சரி, நாலு. அதற்குப் பிறகு அது படிக்கட்டுக்கு அடியில் நின்றது, நான் துடைத்தேன், அவ்வளவுதான். ஓட்டாத வண்டியை எதுக்கு வைத்திருக்கிறீர்கள் என்று நீ கேட்டுவிடுவாயோ என்றுதான் அப்படியெல்லாம் எழுதினேன்.

குளிர் காலத்தில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையிடம் சத்தமாகப் பேசாதே, பேசினாலும் நீ பேசியதுதான் சரி. உங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், புது வீட்டில் நீண்ட ஆயுசோடு நிறைவாக இருங்கள். முக்கியமான விஷயம், வண்டி உன் பெயரில் இருக்கிறது, உன் கையெழுத்து இல்லாமல் கடைக்காரரால் அதைத் தொட முடியாது, கையெழுத்து வருகிற வரை கடையில் ஓரமாக நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் நீ போடவேண்டும். இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்களாம், உரியவர் நேரில் வந்துதான் போடவேண்டும் என்று பெரிய அதிகாரியே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். இதுவரை படித்துக்காட்டியதும் சித்தி, கடுதாசியிலயாவது பொய் எழுதாம இருங்க என்கிறாள். தபாலில் அனுப்பினாலும் செல்லுமாம். ஒன்றும் அவசரமில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
(பக்கத்தில் சித்தி)