நாற்பத்தோராவது படம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள், நானும் உங்களைக் கேட்கவில்லை.

நான்கு மாதத்தில் எத்தனை தடவை ஃபோன் செய்துவிட்டேன், ஒருமுறைகூட எடுக்கவில்லை. ஊரை விட்டே போய்விட்டீர்கள் என்பதே உங்களோடு பல் செட் செய்யும் வேலை பார்த்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அவரிடம் விலாசம் வாங்கி எழுதுகிறேன். கூடப் பிறக்காத அண்ணன் என்றால் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் போவார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் என் வீட்டுக்காரருடைய பொருள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேமரா உப்புத்தண்ணீரில் ஊறி வீணாகிவிட்டது. மெமரி கார்டு மட்டும் பிழைத்திருக்கிறது. மகள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். அவரைக் கடல் கொண்டுபோன அன்று காலை எடுத்த நாற்பத்தொரு படங்கள்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நீங்கள் இருவரும் கடலோரச் சேற்றுவெளிக்குப் போய்வந்ததும் பார்த்த பறவைகளை ஒரு நோட்டில் எழுதுவாரே, பன்னிரண்டு வருஷமும் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது. முந்தின நாளே போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நிரப்பிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஆனால் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாதவள் நான். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு வெள்ளையாக இருப்பதெல்லாம் படுக்கை விரிப்புதான். படங்களைப் பிரிண்ட் போட்டு, பின்னால் எண்ணும் நேரமும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பெயர் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏப்ரல் கடைசியில் மகளுக்குப் பதிவுத் திருமணம். நீங்கள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அப்பா இடத்துல மாமாவத் தவிர யாரும் நிக்கக் கூடாது" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

அன்புடன்,
உங்கள் தங்கை


பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

ஃபோன் எடுக்காதது என் தப்புதான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

படங்களைப் பார்த்தேன். உன் வீட்டுக்காரனுக்கு, என் மாப்பிள்ளைக்கு, கை நடுங்காது. லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டே திருகாணி முடுக்கியவன் அல்லவா.

ஒன்று முதல் ஒன்பது வரை கோட்டான். ஆந்தை என்று நினைக்காதே, இது கரைப்பறவை. கீழ்நோக்கி வளைந்த நீள மூக்கைப் பார். பத்து முதல் பதினாறு, பட்டாணி உப்புக்கொத்தி. கழுத்தில் கறுப்பு வளையம், கண்ணைச் சுற்றி மஞ்சள். அடுத்து முப்பது வரைக்கும் கருவால் மூக்கன் கூட்டம். பறக்கும்போது வால் நுனியில் கறுப்புப் பட்டை தெரியும். நாற்பது வரை மிச்சமெல்லாம் உள்ளான்கள்.

அவற்றில் முப்பத்தாறாவது படத்தைப் பத்திரமாக வை. அது இந்த வருஷம் வடக்கே பிறந்த குஞ்சு. முதுகு இறகுகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதே, அதுதான் அடையாளம். தாயும் தகப்பனும் முன்னாலேயே கிளம்பிவிடும். குஞ்சு யாரும் வழிகாட்டாமல் பின்னால் வந்து சேரும். மாப்பிள்ளை இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. கல்யாணத்துக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. பக்குவமாக எடுத்துச் சொல்.

அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெயர்களையெல்லாம் நோட்டில் ஏற்றிவிட்டேன். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்தால் அவர் சிரித்திருப்பார்.

நாற்பத்தொன்றை விட்டுவிட்டீர்களே? அதில் பறவை இல்லை என்று எனக்கே தெரிகிறது. நேரம் பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். நடுவில் முழுக்கத் தண்ணீர். அக்கரையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் முக்காலியில் நிறுத்திய கேமராமேல் குனிந்தபடி ஒரு கையைத் தூக்கியிருக்கிறார். முகம் கலங்கலாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொப்பியை உங்களுக்கு வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

"அப்பா கடைசியா மாமாவத்தான் எடுத்திருக்கார்மா" என்று மகள் அழுதாள்.

நீங்கள் போலீஸில் சொன்னது எனக்கு மனப்பாடம். "நான் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். கால் வழுக்கி விழுந்திருப்பான். நான் பாக்கல." பார்க்காதவர் எப்படி அவர் பக்கமாகக் கையைத் தூக்குவார்?

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை அண்ணா. எச்சரிக்கத்தான் கை காட்டியிருப்பீர்கள். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும். காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனையில் பார்க்கவில்லை என்று சொல்லியிருப்பீர்கள். அப்படி நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அது சரி என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், போதும். கல்யாணத்துக்கும் வந்து சேருங்கள். வேலை கழுத்தை நெரிக்கும் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

நீ கேட்ட அந்த ஒரு வரியை மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஒருவர் உள்ளே போய்ப் படம் எடுத்தால் மற்றவர் கரையில் நின்று தண்ணீரைக் கவனிக்க வேண்டும். கடல் ஏறி, கரைக்கும் மணல் திட்டுக்கும் நடுவிலுள்ள ஓடை நிரம்பத் தொடங்கியதும் கூப்பிட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அதுதான் எங்கள் பேச்சு. அன்று என் முறை. ஒன்பதரைக்குக் கூப்பிட வேண்டியவன் நான். அவன் மணல் திட்டில் வயிறு தரையில் பட ஓடைக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். என்னை நம்பித்தான் அப்படிப் படுத்திருந்தான்.

ஒன்பதே காலுக்கு எனக்கு எதிரே ஒரு உள்ளான் கூட்டம் இறங்கியது. அதில் ஒன்றின் மூக்கு நுனி தட்டையாகத் தெரிந்தது. கரண்டிமூக்கு உள்ளான். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். ஆயுளில் ஒருமுறை பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கியவன் நான். கடிகாரத்தை மறந்தேன். கடலை மறந்தேன். அவனையும் மறந்தேன்.

பத்து மணிக்கு மேல் அவன் கத்தினான். "மாப்ள, தண்ணி ஏறிடுச்சுடா! மாப்ள!"

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. பறவைகள் தலையைத் தூக்கின. இன்னொரு சத்தம் வந்தால் கூட்டமே எழுந்துவிடும். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் பக்கமாகக் கையைத் தூக்கி, கத்தாதே என்று உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினேன்.

நீ பார்த்த கை அதுதான்.

அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. நான் இன்னும் பதினோரு படம் எடுத்தேன். நிமிர்ந்தபோது திட்டையும் காணோம், அவனையும் காணோம். ஓடைக்குள் இறங்கினேன். நண்டு பிடிக்கிறவர்கள் என்னைத்தான் இழுத்துப் போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரண்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. சாதாரண உள்ளான். மூக்கு நுனியில் ஒரு கட்டிச் சேறு ஒட்டியிருந்தது.

அவன் இடத்தில் நான் வந்து நிற்கலாமா, நீயே சொல். குழந்தைக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். அண்ணன் என்று கையெழுத்துப் போடக் கை வரவில்லை.


ஜூன் 14

தங்கைக்கு,

பதில் கேட்டு எழுதவில்லை. போன வாரம் அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லத்தான். அங்கிருந்தவர் படித்துவிட்டு, "இத இப்ப வந்து எதுக்குச் சொல்றீங்க?" என்றார்.

குழந்தையின் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.


அக்டோபர் 19

உங்களுக்கு,

கல்யாணம் முடிந்தது. அவரோடு லிஃப்ட் வேலை பார்த்தவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மகளிடம் முன்பே சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள், "மாமா மாமான்னு கூப்பிட்டேனேம்மா" என்றாள். அதன் பிறகு உங்கள் பேச்சை எடுத்ததில்லை.

போன வாரம் நாங்கள் இருவரும் சேற்றுவெளிக்குப் போனோம். நண்டு பிடிக்கிற ஒருவர் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து என்னைத் திட்டுவரை கூட்டிப் போனார். மகள் கரையில் நீங்கள் நின்ற இடத்தில் நின்றாள். முதலில் நீங்கள் எழுதியபடி 'கத்தாதே' என்று கை காட்டச் சொல்லியிருந்தேன். பிறகு 'இரு, வருகிறேன்' என்று காட்டச் சொல்லியிருந்தேன். மாற்றி மாற்றி ஐந்தாறு முறை செய்தாள்.

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு தூரம். ஒரு கை மேலே போகிறது, கீழே வருகிறது. அவ்வளவுதான் தெரிந்தது.

அவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். 'இரு, வர்றேன்' என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். பன்னிரண்டு வருஷப் பழக்கம், வேறு என்னவென்று எடுப்பார்? அதனால்தான் கத்துவதை நிறுத்தியிருக்கிறார். அதனால்தான் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கேமராவைத் தூக்கி உங்களைப் படம் எடுத்திருக்கிறார். "பாரு, உங்கண்ணன் தொப்பலா நனைஞ்சு என்னைக் காப்பாத்த வந்த லட்சணத்த" என்று வீட்டில் வந்து காட்டிச் சிரிப்பதற்கு.

பயந்து சாகவில்லை, நீங்கள் வருவீர்கள் என்று நின்றிருக்கிறார். எனக்கு இது ஆறுதல். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதவில்லை.

இனிமேல் கடிதம் போட வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவர் மனைவி